கையால் வனைந்த ஆங்கிலக் கோப்பையா? கவிழ்த்துப் பாருங்கள்

இங்கிலாந்தின் பழைய பொருள் கடைகளில் கையால் வனைந்தது போன்ற கோப்பை கண்ணில் பட்டால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, படாத அடி வளையத்தில் மண்ணின் நிறம் தெரியும். உட்புறம் விரலை ஓட்டினால், சக்கரத்தில் வனைந்த சுழல் வரிகள் பெரும்பாலும் தட்டுப்படும். அச்சில் வார்த்ததென்றால் மெல்லிய இணைப்புக் கோடு தெரியலாம்.

அப்புறம் அடியோரத்தில் முத்திரையைத் தேடுங்கள். கிளேஸ் நிரம்பி மங்கியிருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். 1920இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியும் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையின் முத்திரையில் எஸ், ஐ எழுத்துகள் பின்னியிருக்கும். அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் பட்டறைக் குழு செய்த அன்றாடப் பாத்திரம். கூடவே பி.எல். இருந்தால் பெரும்பாலும் லீச்சின் சொந்தக் கைவேலை. விலை எங்கோ போய்விடும். லீச் பெயரில் போலிகள் ஏலம்வரை போனதுண்டு, எனவே முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு அந்த அன்றாடப் பாத்திரங்களையே சொல்வேன். தினமும் தேநீர் ஊற்றிக் குடிக்கலாம். அதற்காகத்தானே செய்தார்கள்!