சூரிச்சில் கார் எடுத்து நான்கு நாள்: ஹட்டனிலேயே போட்டுக்கொள்ள வேண்டிய திட்டம்

போன மாதம் கொட்டகலையிலிருந்து ஆசிரியர் தம்பதி ஒருவர் என்னைத் தேடி வந்தார்கள். மகள் சூரிச்சில் இருக்கிறாள், அங்கே வாடகைக்குக் கார் எடுத்து ஊர் பார்க்க வேண்டும் என்றார்கள். கொண்டு வந்த கொப்பியில் ஐந்து நாளுக்குப் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக் என்று ஆறு நகரம். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, புதுப் பக்கத்தில் ஆரம்பத்திலிருந்து போட்டோம்.

நான் ஹட்டன் – நுவரெலியா வீதியில் பதினெட்டு வருஷம் வேன் ஓட்டியவன். 45 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் நானுஓயாவில் மூடுபனி இறங்கினாலோ, முன்னால் கொழுந்து லொறி போனாலோ ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிடும். அதனால் நம் ஆட்கள் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதில்லை, எத்தனை மணித்தியாலம் என்றுதான் கேட்பார்கள். ஐரோப்பாவுக்கும் அதே கணக்கையே பிடியுங்கள். ஒரு நாளைக்கு நான்கு மணித்தியால ஓட்டம் போதும். அதற்கு மேல் போனால் பெற்றோல் செட்டைத் தவிர வேறெதுவும் பார்க்கக் கிடைக்காது.

தங்கச்சி வீட்டுக்குப் போனபோது நாங்கள் ஓடிய வட்டம் இது. சூரிச்சிலிருந்து ஒஸ்ரியாவின் இன்ஸ்புருக் 285 கிலோமீற்றர் போல, மூன்றரை மணித்தியாலம். அங்கிருந்து அதே நாட்டின் சால்ஸ்பர்க் இரண்டு மணித்தியாலம். நடுவில் கொஞ்ச தூரம் ஜெர்மனிக்குள் போய் வரும். அப்புறம் ஜெர்மனியின் மூனிச், அதுவும் இரண்டு மணித்தியாலத்துக்குள். கடைசி நாள் சூரிச், நான்கு மணித்தியாலம். வட்டமாகப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. எடுத்த இடத்திலேயே காரைக் கொடுத்தால் ஒருவழிக் கட்டணம் வராது. வேறு நாட்டில் விட்டால் அந்தக் கட்டணம் சில வேளை வாடகையையே தாண்டும்.

பத்திர வேலை எல்லாம் இங்கேயே முடிய வேண்டும். நம் லைசனோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் தேவை. கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கலாம். அதைவிட முக்கியம் பெயர். நம் ஆட்களுக்கு ஒரு பத்திரத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும் இருக்கும். கவுண்டரில் இருப்பவருக்கு அது இரண்டு ஆள். பாஸ்போட், லைசன், கடன் அட்டை மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அட்டை, கார் ஓட்டுகிறவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். வைப்புத் தொகையாக ஒரு பெரிய பணத்தை அதில் பிடித்து வைப்பார்கள் என்பதால், அந்தப் பணம் போக மிச்சத்தில் நான்கு நாள் ஓடுமா என்று வங்கியில் கேட்டு வையுங்கள்.

ஷெங்கன் விசா ஒன்றே மூன்று நாட்டுக்கும் போதும். ஆனால் காருக்குத் தனி அனுமதி வேண்டும். பதிவு செய்யும்போதே ஒஸ்ரியா, ஜெர்மனி போகிறோம் என்று சொல்லி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டோ கியர் வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேட்க வேண்டும். அங்கே இன்னமும் கையால் மாற்றும் கியர் கார் நிறைய.

வீதிக் காசு நாட்டுக்கு நாடு வேறு. சுவிஸில் எடுக்கும் காரில் அந்த நாட்டு வில்லை, அதாவது நெடுஞ்சாலைக் காசு கட்டியதற்கான ஸ்டிக்கர், பொதுவாக ஒட்டியே இருக்கும். ஒஸ்ரியாவுக்கு 10 நாள் வில்லை வாங்கினால் போகவும் வரவும் சரி. ஜெர்மனியில் காருக்கு வீதிக் காசு இல்லை. ஆனால் மூனிச் நகருக்குள் போக, புகை குறைந்த கார் என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். நாங்கள் வெளியே ரயில் நிலையத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு ரயிலில் போனோம். சால்ஸ்பர்க்கில் மலையைக் குடைந்து கார் தரிப்பிடமே கட்டியிருக்கிறார்கள். விட்டுவிட்டு வெளியே வந்தால் பழைய நகரம்தான்.

இன்ஸ்புருக் போகும் வழியில் ஆர்ல்பெர்க் சுரங்கம் வரும். 14 கிலோமீற்றர், அதற்குத் தனிக் காசு. நல்ல வெயில் நாள் என்றால் மேலே கணவாய் வழியாகப் போங்கள். உச்சி 1793 மீற்றர். நம் நுவரெலியா 1868. அங்கே நின்று என் மனைவி மண்ணைத் தொட்டுப் பார்த்து, "நம்ம ஊரைவிடக் கீழேதானா இருக்கோம்?" என்று கேட்டாள். மே மாதத்திலும் ஓரத்தில் பனி கிடந்தது. இறக்கத்தில் றம்பொடையில் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: கியரைக் குறைத்து எஞ்சினில் பிடித்து இறங்குங்கள், பிரேக்கைச் சுட வைக்காதீர்கள்.

வலது பக்கம் ஓடுவது அரை மணித்தியாலத்தில் பழகிவிடும். கைதான் பழகாது. நம் ஜப்பான் காரில் சிக்னல் தண்டு வலது பக்கம், அங்கே இடது பக்கம். திரும்ப நினைத்து வலக்கையைத் தட்டினால் வைப்பர் ஓடும். தரிப்பிடத்தை விட்டு வெளியே வருமுன் இடக்கையால் பத்துத் தடவை போட்டுப் பழகுங்கள். சின்னத் தெருக்களில் பலகை எதுவும் இல்லாவிட்டால் வலது பக்கமிருந்து வருகிறவருக்கே முதல் வழி. ஒஸ்ரியாவிலும் ஜெர்மனியிலும் நெடுஞ்சாலையில் வாகனங்கள் தேங்கத் தொடங்கியதுமே இடது ஓரத்து வரிசை இடதுக்கும் மற்றவை வலதுக்கும் ஒதுங்கி, நடுவில் அம்புலன்ஸுக்கு வழிவிட வேண்டும். சத்தம் கேட்ட பிறகு அல்ல, தேங்கும்போதே.

காரை எடுக்கும்போது நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். கதவு, பம்பர் எல்லாம் படம் பிடித்தேன், சில்லைப் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தபோது முன் சில்லின் விளிம்பில் விரல் நகம் அளவு கீறலைக் காட்டி 180 பிராங்க் எடுத்துக்கொண்டார்கள். முன்பே இருந்ததா, நான் கல்லில் உரசினேனா, இன்றைக்கும் தெரியாது. நீங்கள் குனிந்து நான்கு சில்லையும் பிடியுங்கள். கண்ணாடி, கூரை, எண்ணெய் முள், ஓடிய கிலோமீற்றர் எல்லாம் ஒரே வீடியோவில் வரட்டும். கொடுக்கும்போதும் அதேபோல் ஒன்று எடுங்கள். தாங்கியை நிரப்புவது ஒஸ்ரியாவிலேயே மலிவு, அதுவும் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள். கடைசியில் சூரிச்சில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி முள்ளை உச்சிக்கு ஏற்றினால் போதும். அலுவலகத்தில் ஆள் இருக்கும் நேரத்தில் கொடுத்து, பார்த்துவிட்டேன் என்று கையெழுத்து வாங்கிய பிறகே சாவியைக் கையை விட்டு விடுங்கள்.