மியாகி சோஜுனின் கல்லும் சாடியும்: கொழும்பு வீட்டில் செய்து பழகுவது எப்படி

கோஜு-ரியு கராத்தே படிக்கிறீர்கள், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படி என்றால் இது உங்களுக்குத்தான். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பின் பல்கனி அளவு இடம் இருந்தால் போதும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். கோஜு-ரியு என்ற கராத்தே பிரிவை நிறுவிய மியாகி சோஜுன் 1888இல் ஜப்பானின் ஒகினாவாத் தீவில், நாஹா நகரில் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. பதினான்கு வயதில் ஹிகாவோன்னா கன்ரியோவிடம் சேர்ந்தார். ஹிகாவோன்னா சீனாவின் புஜோ நகருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த ஆசான், சன்சின் என்ற ஒரே கதாவை (கதா என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பு) ஆண்டுக்கணக்கில் செய்ய வைப்பவர். காசு இருக்கிற வீட்டுப் பையன் அந்த வெயிலில் அதைப் பொறுத்துக்கொண்டு நின்றான் என்பதே எனக்குப் பெரிய விஷயம். பிறகு மியாகியும் புஜோ போய் வந்தார், கோஜு-ரியு என்ற பெயரை நிலைநிறுத்தினார், தென்ஷோ கதாவை உருவாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளும் எளிதாகப் பழகட்டும் என்று 1940இல் கெகிசாய் கதாவைக் கொண்டுவந்தார். இன்று நம்முடைய பிள்ளைகள் வெள்ளைப் பட்டியோடு முதலில் பழகுவது பெரும்பாலும் அதைத்தான்.

அவருடைய பயிற்சியில் பாதி உபகரணங்களோடு நடந்தது. ஹோஜோ உந்தோ என்பார்கள். 1934இல் ஹவாய் போனபோது அங்கே மல்யுத்த வீரர்கள் தூக்கிய நீள்வட்ட இரும்புச் சட்டத்தைப் பார்த்து அதையும் சேர்த்துக்கொண்டார். அது நமக்கு வேண்டாம், வைக்கவே இடம் இல்லை. நாம் செய்யப்போவது இரண்டு: சி-இஷி என்ற கைப்பிடி போட்ட கல், நிகிரி-காமே என்ற பிடிச்சாடி.

சி-இஷிக்கு வேண்டியது ஒரு மண்வெட்டிப் பிடி, கொஞ்சம் சீமெந்து, மணல், சின்னச் சல்லிக்கல், நாலைந்து நீள ஆணி, ஒரு சின்னப் பெயிண்ட் வாளி. பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். பிடியை 22 அங்குலத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கம் 4 அங்குலம் சீமெந்துக்குள் போகும், மீதி ஒன்றரை அடி வெளியே நிற்கும். உள்ளே போகிற பகுதியில் ஆணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும்படி விடுங்கள். இந்த ஆணிதான் உயிர். இது இல்லாவிட்டால் சில வாரத்தில் தடி உள்ளேயே சுழல ஆரம்பிக்கும், அப்புறம் ஒருநாள் தலைக்கு மேலே தூக்கும்போது கல் மட்டும் தனியாகக் கழன்று வரும்.

சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சல்லி மூன்று. தண்ணீரைக் குறைவாக ஊற்றிக் கெட்டியாகக் குழையுங்கள். வாளியின் குறுக்களவு ஐந்தரை அங்குலம் இருந்தால், 4 அங்குல உயரத்துக்கு நிரப்ப ஏறக்குறைய ஒன்றரை லீட்டர் கலவை பிடிக்கும். காய்ந்ததும் மூன்றரை கிலோவைத் தாண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே அதிகம், 3 அங்குலத்தோடு நிறுத்தினாலும் சரிதான். தடியை நடுவில் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி அசையாமல் விடுங்கள். மறுநாள் வாளியை வெட்டி எடுத்துவிட்டு, ஈரச் சாக்கால் சுற்றி ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள். கொழும்பு வெயிலில் சும்மா காயவிட்டால் வெடித்துப் போகும். நாலு வாரம் பொறுத்துத்தான் கையில் எடுக்க வேண்டும்.

எடுக்கும்போது கல்லை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். கை தடியின் நுனிக்குப் போகப் போகப் பாரம் மணிக்கட்டில் ஏறும், அதனால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுனிக்கு நகர வேண்டும். கால்களை அகட்டி, முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிற்கும் ஷிகோ-தாச்சி நிலையில் இருந்து, கல்லைக் கீழிருந்து பக்கவாட்டில் தூக்கி, கை தோள் உயரத்துக்கு வரும்போது தடி செங்குத்தாக, கல் மேலே நிற்கும்படி நிறுத்துங்கள். ஒரு மூச்சு. பிறகு மெதுவாக இறக்குங்கள். வீசித் தூக்கினால் தோள்மூட்டுப் போய்விடும். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் தடியைத் திருகிப் பாருங்கள், மழைக்காலம் முடிந்ததும் மரம் சுருங்கித் தளர்ந்துவிடும்.

பிடிச்சாடிக்கு, வாய் விளிம்பு வெளியே வளைந்த, ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குகிற ஊறுகாய்ச் சாடி இரண்டு வாங்குங்கள். முதல் மாதம் வெறும் சாடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மணல் போடுங்கள். விரல் நுனிகளால் விளிம்பைப் பிடித்து, சன்சின் நிலையில் அரைவட்டமாகக் காலை நகர்த்தி முன்னும் பின்னும் நடக்க வேண்டும். பின்கால் பெருவிரல் முன்கால் குதியின் கோட்டில் இருக்கட்டும், முழங்கால் லேசாக மடியட்டும், இடுப்பு உள்ளே. மூக்கால் இழுத்து வாயால் விடுங்கள், மூச்சை மட்டும் அடக்கவே வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும், கீழே தும்புப் பாய் போடுங்கள். சாடி விழுந்தாலும் கீழ்வீட்டுக்காரர் ஏறி வரமாட்டார். விடியற்காலைதான் நல்ல நேரம், ஏழு மணிக்குப் பிறகு புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும்.

மியாகியைப் பற்றி இன்னொன்று. 1945 ஒகினாவாப் போரில் அவர் பிள்ளைகளையும் தன்னுடைய முதன்மை மாணவர் ஷின்சாதோ ஜின்அனையும் இழந்தார். போருக்குப் பிறகு குயவர் பகுதியான சுபோயாவில், வீட்டுத் தோட்டத்தில், கூரை கூட இல்லாத இடத்தில் மறுபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1953 ஒக்டோபர் 8இல் காலமாகும் வரை விடவில்லை. எல்லாம் போன பிறகு முற்றத்தில் நாலு பேரோடு திரும்பத் தொடங்குவது என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால்தான் வாடகை வீடு, இடம் போதாது என்று யாராவது சொன்னால் நான் அந்தத் தோட்டத்தைச் சொல்கிறேன்.

அவருக்குப் பிறகு மாணவர்கள் பல கிளைகளாகப் பிரிந்தார்கள். மியாசாதோ எய்இச்சி ஜுன்தோகன் தொடங்கினார், யாகி மெய்தோகு மெய்புகன் வழியில் போனார், அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹிகாவோன்னா மோரியோ 1979இல் சர்வதேச அமைப்பு ஒன்றை உண்டாக்கினார். இன்னும் வகுப்பில் சேராதவர்கள் எது அசல் கிளை என்று தேடி அலைய வேண்டாம். வீட்டுக்கு அருகில் இருக்கிற வகுப்புக்குப் போய், பெரியவர்கள் சன்சின் செய்வதை ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மூச்சும் கையும் ஒன்றாக முடிகிறதா, சென்செய், அதாவது ஆசான், ஒவ்வொருவருக்கும் பின்னால் போய்த் தோளையும் தொடையையும் தட்டிப் பார்த்துத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். அப்படி நடந்தால் அங்கேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வகுப்புக்குப் போகும்போது நீங்கள் செய்த கல்லையும் கொண்டுபோய்க் காட்டி, பிடி சரியா என்று கேளுங்கள்.