எஃப்பிவி காகிள்ஸ்: வாங்கும்போதும் பறக்கவிடும்போதும் செய்யும் தவறுகள்

எஃப்பிவி காகிள்ஸ் என்பது ட்ரோனின் கேமரா பார்ப்பதை அப்படியே நம் கண்முன் காட்டும், முகத்தில் மாட்டிக்கொள்ளும் திரை. ட்ரோன் பழக ஆரம்பிக்கும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த காகிள்ஸ் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "உன் ட்ரோன்ல என்ன வீடியோ சிஸ்டம்?" அங்கேயே பாதிப் பேர் முழிப்பார்கள். காகிள்ஸை டிவி மாதிரி நினைத்துவிடுகிறார்கள், எதைச் செருகினாலும் படம் வரும் என்று. வராது. ட்ரோனில் இருக்கும் வீடியோ டிரான்ஸ்மிட்டர், நாங்கள் விடிஎக்ஸ் என்று சொல்வது, எந்த மொழியில் பேசுகிறதோ அது காகிள்ஸுக்கும் புரிய வேண்டும். முதலில் ட்ரோன், பிறகுதான் காகிள்ஸ்.

வீடியோ சிஸ்டத்தில் அனலாக், டிஜிட்டல் என்று இரண்டு வகை. அனலாகில் இந்தத் தலைவலி குறைவு. எந்தக் கம்பெனி விடிஎக்ஸும் எந்தக் கம்பெனி ரிசீவரோடும் ஒத்துப்போகும். டிஜேஐ, வாக்ஸ்நெயில், ஹெச்டிசீரோ என்ற மூன்று பிராண்டு சிஸ்டங்களும் டிஜிட்டல். பெரும்பாலும் அவரவர் வீட்டுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொள்பவை. ஒரே வீட்டிலும் பழைய மாடல் காகிள்ஸ் புதிய ட்ரோனோடு சேராமல் போவதுண்டு. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வதற்குமுன் கம்பெனி வெளியிட்ட பொருந்தும் மாடல்களின் பட்டியலைப் பாருங்கள்.

போனைச் செருகும் விஆர் பெட்டியை எஃப்பிவி காகிள்ஸ் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வைஃபையில் வரும் படம் கால் நொடி தாமதித்தால் என்ன ஆகும்? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் ட்ரோன் அதற்குள் 4 மீட்டர் தாண்டியிருக்கும். நீங்கள் பார்க்கிற தென்னை மரம் இன்னும் தூரத்தில், ட்ரோன் அதன் உச்சியில். நல்ல டிஜிட்டல் செட்டில் இந்தத் தாமதம் 30 மில்லிநொடி அளவுக்கு இறங்கும். அதே வேகத்தில் அரை மீட்டர்தான்.

கண் விஷயத்தில் அவசரப்பட்டவர்களே அதிகம். இரண்டு கருவிழிகளுக்கும் இடையிலான தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆனால் ஆளுக்கு ஆள் நன்றாகவே மாறும். டிஜேஐ காகிள்ஸ் 2 இதை 56 முதல் 72 வரை நகர்த்த விடுகிறது, மைனஸ் 8 வரை பவரும் வைத்துக்கொள்ளலாம். எல்லா மாடலும் அப்படி இல்லை. நகர்த்த முடியாத லென்ஸில் ஓரம் மங்கி, பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் மருத்துவர் தந்த சீட்டை எடுத்துப் பாருங்கள்: அதில் சிலிண்டர் என்று ஓர் எண் இருந்தால், காகிள்ஸில் பவர் திருகும் வசதி அதைச் சரிசெய்யாது. கண்ணாடியோடே மாட்டிக்கொள்ளும் பெட்டி மாடல் அவர்களுக்கு உத்தமம். பார்க்க லட்சணமாக இருக்காது, போகட்டும்.

இனி என் சொந்த முட்டாள்தனம். மொட்டை மாடியில் பேட்டரி மாற்றுவதற்காக காகிள்ஸைக் கழற்றி, லென்ஸ் வானத்தைப் பார்க்கும்படி கைப்பிடிச் சுவரில் வைத்தேன். சித்திரை வெயில். அந்த லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. மறுபடி மாட்டியபோது திரையின் நடுவே மஞ்சள் புள்ளி, இன்றும் அப்படியே இருக்கிறது. கழற்றினால் லென்ஸ் கீழ்நோக்கி, அல்லது உடனே பைக்குள். பழைய காகிள்ஸ் வாங்கும்போதும் திரையை வெள்ளையாக்கிப் பார்த்து இந்தத் தீக்காயம் உண்டா என்று தேடுங்கள்.

ஆன்டெனாவில் இரண்டே விஷயம். அது இல்லாமல் விடிஎக்ஸுக்குக் கரண்ட் கொடுத்தால் விடிஎக்ஸ் சூடேறிக் கருகும். அலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை வைத்து ஆன்டெனாவில் வலச்சுழல், இடச்சுழல் என்று இரண்டு வகை உண்டு. ட்ரோனில் ஒன்றும் காகிள்ஸில் இன்னொன்றும் இருந்தால் சிக்னல் பாதி தூரத்திலேயே செத்துவிடும்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மச்சான் வரும்போது ஒரு காம்போ பெட்டி வாங்கி வரச் சொல்வது அடுத்த தவறு. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. பிரித்துப் பாகமாகக் கொண்டுவரும் கிட்டுக்கும் அதே தடை. உதிரி பாகங்களுக்கு இல்லை. காம்போவில் காகிள்ஸோடு ட்ரோனும் இருக்கும், சுங்கத்தில் மச்சான்தான் நிற்க வேண்டிவரும்.

காகிள்ஸ் போடுவது சட்டப்படி குற்றமா என்று பயப்படுபவர்களுக்கு: அனலாக் காகிள்ஸ் வெறும் ரிசீவர், ரேடியோப் பெட்டி மாதிரி. சட்டத்தின் கண் அலையை அனுப்பும் கருவி மேலும் வானில் பறக்கும் பொருள் மேலும்தான். டிஜிட்டல் காகிள்ஸில் பல இரண்டு பக்கமும் பேசுபவை, ஆகவே அவையும் அனுப்பும் கருவிகளே. இந்தியாவில் 5.8 கிகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2018 அக்டோபரில் திறந்துவிட்ட பகுதி 5875 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. நம் பையன்கள் ரொம்பப் பிரியமாக வைக்கும் ரேஸ்பேண்ட் என்ற சேனல் வரிசையில் 7, 8 ஆம் சேனல்கள் 5880, 5917. இரண்டும் வேலிக்கு வெளியே. மெனுவில் இருக்கிறது என்பதற்காக வைத்துவிடாதீர்கள், அந்த மெனு எல்லா நாட்டுக்கும் சேர்த்து எழுதியது. மைதானத்தில் இன்னொருவர் அனலாகில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தால், அவருடைய சேனலைக் கேட்காமல் உங்கள் பேட்டரியைச் செருகவும் கூடாது. செருகியதுமே உங்கள் விடிஎக்ஸ் படம் அனுப்ப ஆரம்பித்துவிடும், ஒரே சேனலாக இருந்தால் அவர் திரையில் திடீரென்று உங்கள் செருப்புதான் தெரியும்.

பறப்பதற்கு இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள். பேட்டரி, கேமரா எல்லாம் சேர்த்து 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. ஐந்து இஞ்ச் விசிறி வைத்த ட்ரோன் எப்படிப் பார்த்தாலும் மைக்ரோதான். பொழுதுபோக்குக்கு மைக்ரோ ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. இதைக் கேட்டவுடன் பதிவு எண்ணும் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பதிவு எண் வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம், ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடி. மீனம்பாக்கத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள், சென்னையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும். இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பறக்கும் அன்றே பாருங்கள். தலைவர்கள் வரும் நாட்களில் போலீஸ் தனியாகத் தடை போடும்.

காகிள்ஸ் மாட்டியதும் உங்களுக்குப் பக்கவாட்டில் கண் இல்லை. பின்னால் வரும் ஹெலிகாப்டரும் தெரியாது, மாடு மேய்க்க வந்த பாட்டியும் தெரியாது. அமெரிக்க விதி, வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்க்கும் ஒருவர் பைலட்டின் பக்கத்திலேயே நிற்கச் சொல்கிறது, ஐரோப்பாவிலும் அப்படித்தான். இங்கேயும் அந்த ஆள் இல்லாமல் நான் மாட்டுவதில்லை. அவர் போனை நோண்டாதவராக இருக்க வேண்டும்.

கொஞ்சம் கை பழகியதும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு ஷாட் கேட்பார், கவரும் நீட்டுவார். அந்தக் கவரை வாங்கினால் அது பொழுதுபோக்கு அல்ல. மைக்ரோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பள்ளியில் படித்து வாங்க வேண்டும். மண்டபத்துக்குள் முகூர்த்த நேரத்தில் பறக்கச் சொன்னால், கவரே இல்லாவிட்டாலும் நான் மாட்டேன் என்றுவிடுவேன்.