பொறுமை உடையும் தருணம்: எந்தத் தொடரை எங்கே ஆள்வது?

மாதக்கணக்கில் பிறர் வேலையையும் சேர்த்துச் சுமந்த ஒருவர், ஒரு கோப்பின் தாள்களை மாற்றி அடுக்கச் சொன்னதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைக் குறிக்கத் தொடர் தேடும்போது, கோபத்தின் அளவைவிட அதன் காரணம் எவ்வாறு சேர்ந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சிறுசிறு சுமைகள் சேர்ந்து முறிவு நேர்ந்திருந்தால், ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறள் வரி (475) மிகப் பொருந்தும். மென்மையான மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அதன் பொருள். வலியறிதல் அதிகாரத்தில் வரும் இக்குறளுக்கு, எளிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலியவனும் வீழ்வான் என்பதே உட்கருத்து. ஆயினும் பொறுமையின் எல்லைக்கு அதை ஆள்வதில் பிழையில்லை. கடைசி இறகின்மீது பழி சுமத்தாமல் மொத்தப் பாரத்தையும் பார்க்கச் செய்வதால், இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்பதை இயல்பிலேயே அமைதியானவர் வெகுண்டெழும்போது மட்டும் சொல்ல வேண்டும்; எப்போதும் சீறுபவருக்கு அது பொருந்தாது. ‘பொறுமைக்கும் எல்லை உண்டு’ என்பது முறிவுக்கு முன் விடுக்கும் எச்சரிக்கை.

‘தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன’ என்பதை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனெனில் அதில் சீற்றமில்லை, எல்லை கடந்தபின் இனி எது வந்தாலும் வரட்டும் என்னும் துணிவே உள்ளது.