வகுப்புக்கு ஒரு டெலிகிராம் சேனல்: புதிதாகப் பாடம் எடுக்க வந்தவர்களுக்கு

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். பதினைந்தே நாளில் அதில் 'குட் மார்னிங் மேம்', 'நோட்ஸ் அனுப்புங்க மேம்' தவிர வேறொன்றும் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் கேளுங்கள்

'சமூக ஊடகத்தை ஏன் பயன்படுத்துகிறீர்கள்?' என்று கேட்காதீர்கள். 'அறிவை வளர்க்க' என்று பரீட்சைப் பதில்தான் வரும். துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், 'நேற்று போனில் எதை, எதற்குத் திறந்தீர்கள்?' என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு வந்த சீட்டுகள்: பஸ்ஸில் வரும்போது ரீல்ஸ். நாளைக்கு ஃபர்ஸ்ட் அவர் உண்டா என்று விசாரிக்க வாட்ஸ்அப். இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி யூடியூபில் யூனிட் மூன்று. ஒரு ஹாஸ்டல் பெண், 'அம்மாவோடு வீடியோ கால், சாப்பிட்டேன் என்று பொய் சொல்ல' என்று எழுதியிருந்தாள்.

ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதை விட, மக்கள் ஊடகத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள் என்றார் ஊடக ஆய்வாளர் எலிஹு காட்ஸ். அந்தச் சீட்டுகளைப் படித்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

2. அவர்கள் குரூப்பில் நுழையாதீர்கள்

மாணவர்களுக்கென்று ஒரு குரூப் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் உள்ளே போனால் சாயங்காலத்துக்குள் இன்னொன்று தொடங்கிவிடுவார்கள். ஃபேஸ்புக்கே 2004இல் ஹார்வர்டு மாணவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டதுதான். 2006இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது.

3. சேனல் தொடங்குங்கள்

வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். என் முதல் குரூப்பிலிருந்து எண்ணை எடுத்து ஒரு மாணவிக்கு யாரோ ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 'ஹாய்' அனுப்பிக்கொண்டிருந்தான். அவள் சொல்லும்வரை எனக்கு இது உறைக்கவே இல்லை.

டெலிகிராம் சேனல் என்பது அட்மின் மட்டும் பதிவு போட, மற்றவர்கள் படிக்கும் இடம். அதில் சேர்ந்தவர்களின் பட்டியல் அட்மினுக்கு மட்டுமே தெரியும். டெலிகிராமைத் திறந்து 'நியூ சேனல்' எடுங்கள், பாடத்தின் பெயரை வையுங்கள், 'பிரைவேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் லிங்க்கை வகுப்பு ரெப்பிடம் கொடுத்தால் போதும், அவர்கள் குரூப்புக்கு அது தானாகப் போய்ச் சேரும்.

4. தினம் ஒரே ஒரு கேள்வி

நோட்ஸைக் கொட்டாதீர்கள். இணைப்புக் குறியைத் தொட்டு 'போல்' (Poll, வாக்கெடுப்பு) எடுத்து, 'க்விஸ்' ஆக்கி, சரியான விடையைக் குறித்துவிடுங்கள். விளக்கம் எழுதவும் இடம் உண்டு, அதை விடாதீர்கள்.

நான் பொருளியல் எடுக்கிறேன். தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்ற பாடத்தன்று போட்ட கேள்வி: 'உப்பு கிலோ 20 ரூபாயிலிருந்து 25 ஆனால் உங்கள் வீட்டில் உப்பு வாங்குவது என்ன ஆகும்?' பாதி குறையும், கால்வாசி குறையும், ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்று மூன்று விடைகள். சரியாகத் தொட்டால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும். நிறையப் பேர் 'கால்வாசி' என்றார்கள். விலை கால்வாசி ஏறியதால் வாங்குவதும் கால்வாசி குறையும் என்ற கணக்கு! மறுநாள் வகுப்பை அங்கிருந்தே தொடங்கினேன். சாம்பாரில் கால்வாசி உப்பைக் குறைத்துப் பாருங்கள் என்றதும் கடைசி பெஞ்ச் சிரித்தது.

சேனலில் யார் என்ன தொட்டார்கள் என்று எனக்கும் தெரியாது. வகுப்பில் வாயே திறக்காதவர்கள் பதில் போடுவது அதனால்தான். இதற்கு இன்டர்னல் மார்க் வைத்துக் கெடுத்துவிடாதீர்கள்.

5. நேரம்

கேள்வி எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று டெலிகிராமில் முன்கூட்டியே நேரம் குறிக்கலாம். ஹாஸ்டல் மெஸ் முடிகிற எட்டரை மணி எனக்குச் சரியாக வருகிறது. போன் இல்லாதவர்கள் ஓரிருவர் இருப்பார்கள். அதே கேள்வியை மறுநாள் கரும்பலகையிலும் எழுதிவிடுவேன்.

அப்புறம், செமஸ்டர் முடிந்ததும் சேனலை அழித்துவிடாதீர்கள். அரியர் வைத்தவர்கள் நவம்பரில் அதைத்தான் தேடி வருவார்கள்.