டிஃபரென்ஷியல் பேக்லாஷ்: வீட்டில் செட் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வண்டியை நகர்த்தும்போது பின்னால் 'டங்' என்று ஓர் அடி. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு அடி. உடனே "கிரவுன்ல ஆட்டம் வந்திருச்சு, கொஞ்சம் டைட் வச்சா சரியாயிடும்" என்று டிஃபரென்ஷியலை (பின் ஆக்சிலின் நடுவே, இன்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) கழற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஆட்டம் பல இடங்களிலிருந்து வரலாம். கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டுத் துண்டு) தேய்ந்திருக்கும், ஸ்லிப் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நீண்டு குறுக விடும் பல் இணைப்பு) ஆடும், ஆக்சில் ஷாஃப்ட்டின் பல் கரைந்திருக்கும், கிரவுன் பொருந்திய கூண்டுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்களின் வாஷர் மெலிந்திருக்கும். எல்லாம் சேர்ந்துதான் அந்த 'டங்'. சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து, ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் முறுக்கிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

சரி, கிரவுன் பக்கம்தான் சந்தேகம் என்றே வைத்துக்கொள்வோம். ஜாயின்ட் ஷாஃப்ட்டோடு சுழலும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும், அதுதான் பேக்லாஷ். ஆயில் படலம் நிற்பதற்கும், ஓடிச் சூடாகும்போது இரும்பு விரிவதற்கும் அந்த இடம் தேவை. சின்ன பிக்கப் வண்டிகளில் பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏ4 தாளின் கனம். பெரிய லாரி ஆக்சில்களில் 0.20 முதல் 0.45 வரைகூடப் போகும். உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்பதை அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கூடுதல் ஆட்டம் சத்தம் போடும், அடி விழும். குறைவான ஆட்டமோ எடுத்த எடுப்பில் நன்றாக இருப்பதுபோல் காட்டி, ஆயிலைக் காய்ச்சி, பல்லின் முகத்தையே உரித்துவிடும். இரண்டில் மோசமானது இதுதான்.

அதிகம் பணம் தின்னும் தவறு, ஓடித் தேய்ந்த செட்டைப் புது செட்டின் அளவுக்கு நெருக்குவது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய கிரவுனும் பினியனும் ஒன்றுக்கொன்று பழகி ஒரே இடத்தில் தேய்ந்திருக்கும். அளவு கூடிவிட்டது என்று கிரவுனைப் பினியன் பக்கம் தள்ளினால், தேயாத இடம் போய் முட்டும். நேற்று வரை அமைதியாக இருந்த வண்டி இன்று அறுபதில் 'ஊய்ய்ய்' என்று ஊளையிடும். அதனால் கழற்றுவதற்கு முன்பே இருக்கிற பேக்லாஷை அளந்து எழுதி வையுங்கள். பேரிங்கோ சீலோ மாற்றிவிட்டுப் பழைய செட்டையே போடுகிறீர்கள் என்றால், அந்தப் பழைய அளவுக்கே திரும்ப வைக்க வேண்டும். அந்த அளவு ஏற்க முடியாத அளவுக்குப் போயிருந்தால் செட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போது பினியனை மட்டும் வாங்கிப் போடுகிற சிக்கனம் வேண்டாம். இரண்டையும் தொழிற்சாலையில் ஜோடியாக ஓட்டி இழைத்திருப்பார்கள். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளப்பதற்கு டயல் கேஜ் (மிகச் சிறிய அசைவையும் அளந்து காட்டும் கருவி) கட்டாயம் வேண்டும். கையால் ஆட்டியே சொல்லிவிடுவேன் என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 0.15-க்கும் 0.30-க்கும் உள்ள வித்தியாசத்தை விரலை நம்பி முடிவு செய்ய நான் விடமாட்டேன். காந்த ஸ்டாண்டை ஹவுசிங்கில் உட்காரவைத்து, ஊசியைக் கிரவுன் பல்லின் வெளி ஓரத்தில், பல் நகரும் திசையிலேயே நேராகப் படும்படி வையுங்கள். சாய்ந்து பட்டால் கேஜ் பொய்தான் சொல்லும். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை மட்டும் ஆட்ட வேண்டும். கூண்டைத் தாங்கும் சைடு பேரிங் லூஸாக இருக்கும்போது அளந்தால் கிரவுன் பக்கவாட்டில் ஆடுவதும் கணக்கில் சேர்ந்துவிடும், ஆகவே பேரிங் ப்ரீலோடு (பேரிங் ஆடாமல் இருக்கக் கொடுக்கும் இறுக்கம்) முதலில். அப்புறம் கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடத்திலாவது பாருங்கள். இடத்துக்கு இடம் அளவு நிறைய மாறினால் கிரவுன் நெளிந்து சுற்றுகிறது. பெரும்பாலும் கிரவுனுக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு துளி பிசிறோ அழுக்கோ மாட்டியிருக்கும்.

சைடு பேரிங்கை நகர்த்தும் அட்ஜஸ்டர் நட்டு உள்ள வண்டியில் ஒரு பக்கம் எத்தனை காடி லூஸ் செய்கிறீர்களோ, மறு பக்கம் அத்தனை காடி டைட் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் பேக்லாஷோடு பேரிங் ப்ரீலோடும் மாறிவிடும். ஷிம் (மெல்லிய தகடு) வைக்கிற வகையில், கிரவுனை 0.10 நகர்த்தினால் பேக்லாஷ் தோராயமாக 0.07 தான் மாறும். பேரிங்கை ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் கேப்புகளைக் கழற்றும் முன் பஞ்ச்சால் புள்ளி வைத்து இடம் வலம் குறித்துக்கொள்ளுங்கள். ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்த கேப்புகள் அவை, மாற்றிப் போட்டால் பேரிங் நேராக உட்காராது. கேப்பை இறுக்கும் முன் அட்ஜஸ்டர் நட்டு கையாலேயே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் மரை தப்பி உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டை முழு டார்க்குக்கு (குறித்த முறுக்கு விசைக்கு) இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும், அளவு கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

கேஜில் அளவு சரியாக வந்ததும் மூடிவிடுகிறார்கள். அங்கேதான் பாதி வேலை நிற்கிறது. பல்லில் மார்க்கிங் பேஸ்ட் (பல் படும் தடத்தைக் காட்டும் பசை) தடவி, கிரவுனைத் துணியால் லேசாகப் பிடித்து பாரம் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் உள் முனைக்கோ வெளி முனைக்கோ ஒதுங்கியிருந்தால் பேக்லாஷை வைத்துத் திருத்தலாம். பல்லின் உச்சியிலோ அடிக்குழியிலோ விழுந்தால் கோளாறு பினியன் ஆழத்தில். அதற்குப் பினியன் ஷிம்மைத்தான் மாற்ற வேண்டும், மாற்றிய பின் பேக்லாஷையும் மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டு வாசலில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம் கியர் பாக்ஸின் பின்னால் இருக்கும். ஜாயின்ட் ஷாஃப்ட்டையோ ஆக்சில் ஷாஃப்ட்டையோ எடுத்ததும் அந்த ஹேண்ட் பிரேக் எதையும் பிடிக்காது, வண்டி உருண்டுவிடும். கட்டையும் ஸ்டாண்டும் இல்லாமல் அடியில் போகாதீர்கள். பெரிய லாரியின் டிஃபரென்ஷியல் தலை நூறு கிலோவுக்கு மேல். அதற்கான ஜாக் இல்லாவிட்டால் பட்டறைக்கே விட்டுவிடலாம்.

ஆயில் ஜிஎல்-5 தரம், எந்த கிரேடு என்பதற்கு மேனுவல். புது செட் போட்டிருந்தால் முதல் ஓட்டம் லோடு இல்லாமல் இருபது முப்பது கிலோமீட்டர் போய்வந்து, ஹவுசிங் முழுக்க ஆறும் வரை நிறுத்துங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல், இழுத்து ஓட்டாமல் போய், பிறகு அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.