டெலி ஜூம் லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி சாம்பிள் போட்டோவ எப்படி பாக்கணும்

70-300 எம்எம் மாதிரி டெலி ஜூம் (தூரத்துல இருக்குறத கிட்டக்க காட்டுற) லென்ஸ் வாங்க நினைக்கிறவங்க சின்ன சைஸ் சாம்பிள் படத்த நம்பிடாதீங்க, 6000 பிக்சல் அகலப் படத்த 1200க்கு சுருக்கினா 5x5, அதாவது 25 பிக்சல் ஒண்ணா சேந்துடும், அப்போ எந்த லென்ஸும் ஷார்ப்பாதான் தெரியும். ஒரிஜினல் ஃபைல டவுன்லோட் பண்ணி 100% ஜூம்ல பாருங்க.

அடுத்து எக்ஸிஃப், அதாவது எந்த செட்டிங்ல எடுத்ததுன்னு படத்தோட ஃபைலுக்குள்ள பதிவாகியிருக்குற தகவல். இத தயவுசெஞ்சு விட்றாதீங்க. 300 எம்எம்ல 1/100 செகண்ட் ஷட்டர்ல எடுத்த படம் மங்கலா இருந்தா அது கை ஆட்டமா இருக்கலாம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி அளவு) 6400ன்னா புள்ளிப்புள்ளியா வர்ற நாய்ஸ குறைக்கிற நாய்ஸ் ரிடக்ஷனே பறவையோட இறகு டீட்டெயில அழிச்சிருக்கும், மத்தியான வெயில்ல ரொம்ப தூரத்துல இருக்குறத எடுத்தா சூட்டுக் காத்து அலையடிச்சு எவ்ளோ காஸ்ட்லி லென்ஸா இருந்தாலும் குழைஞ்சுதான் வரும், இதுக்கெல்லாம் லென்ஸ குறை சொல்றது நியாயமே இல்ல.

நிறைய டெலி ஜூம் 70லயும் 135லயும் நல்லா இருக்கும், 300ல போய்தான் சாஃப்ட் ஆகும், அதாவது ஷார்ப்னஸ் குறையும். அதனால 300 எம்எம், எஃப்/5.6 (லென்ஸ் துளை நல்லா திறந்த நிலை), குறைஞ்ச ஐஎஸ்ஓ, 1/1000 செகண்ட விட வேகமான ஷட்டர், கிட்டக்க இருக்குற சப்ஜெக்ட், இப்படி ஒரு படம் தேடுங்க. அதே காட்சி துளைய இன்னும் சின்னதாக்கி எஃப்/8லயும் எடுத்தது இருந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் பெருசா இருந்தா, துளைய திறந்தே எடுக்க வேண்டிய சாயங்கால வெளிச்சத்துல கஷ்டப்படுவீங்க.

பறவைப் படத்துல நடுப்பகுதி ஷார்ப்னஸ் மட்டும்தான் தெரியும், ஓரத்து ஷார்ப்னஸப் பாக்க தூரத்து பில்டிங் படம்தான் சரி. வெள்ளை வானத்துக்கு எதிர்ல இருக்குற மரக்கிளை ஓரத்துல ஊதாக் கோடு வருதான்னும் பாருங்க, கேமரா ஜேபெக்ல அத ஓரளவு அழிச்சிடும், அதனால ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூல ஃபைல்) கிடைச்சா இன்னும் நல்லது.